கடிகாரத்தை எங்கே வைப்பது?

2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' என்னும் கணிப்பொறித் துறை மாத இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எழுதியவர்கள் ஜெஃப் டீன், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ என்னும் இருவர். இருவரும் கூகிள் நிறுவனத்தின் பொறியாளர்கள். அதன் தலைப்பைத் தமிழில் 'பேரளவில் வால்' என்று சொல்லலாம். இணையத்தில் இயங்கும் ஒரு பணி, கேட்டவருக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, சில சமயம் மட்டும் ஏன் அளவுக்கு மீறிக் காலதாமதம் செய்கிறது என்பதே அதன் பொருள். கணிப்பொறி படிக்கும் மாணவர்கள் அந்தக் கட்டுரையின் பெயரை அறியாவிட்டாலும், அதிலுள்ள '63 விழுக்காடு' என்ற எண்ணை எங்கேனும் கேட்டிருப்பார்கள். அத்தனை தூரம் அந்த எண் பரவிவிட்டது.

புகழ்பெற்ற கட்டுரைகளை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. மேற்கோள் காட்டுவதோடு சரி. ஆகவே அதைக் கையில் எடுத்து, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைத் திருத்துவதுபோல வரிக்கு வரி திருத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. மதிப்பெண் நன்றாகவே கிடைக்கும். ஆனால் முழு மதிப்பெண் கிடைக்காது. ஏன் என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு மாணவி தன் பதிவெண்ணைத் தட்டிப் பொத்தானை அழுத்துகிறாள். அவள் கைப்பேசியிலிருந்து ஒரு கோரிக்கை புறப்படுகிறது. எங்கோ ஓரிடத்தில் உள்ள சர்வர் அதைப் பெற்று, பட்டியலில் தேடி, பதிலை அனுப்புகிறது. பதில் திரையில் தெரிகிறது. பொத்தானை அழுத்தியதற்கும் மதிப்பெண்ணைக் கண்ணால் கண்டதற்கும் இடையே எவ்வளவு நேரம்? கேள்வி எளியது. ஒரு நிறுத்துகடிகாரம் இருந்தால் போதும் என்றுதான் எவரும் நினைப்பர். அப்படி நினைக்கும் இடத்தில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

சர்வரை நடத்துபவர் ஒரு கோரிக்கையை அல்ல, நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான கோரிக்கைகளை அளக்கவேண்டும். அளந்த எண்களை எல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கவும் வேண்டும். உடனே கை நீளுவது சராசரியை நோக்கி. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் பழக்கியதும் அதைத்தானே? தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுக்கிறோம். அதையும் இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுக்கிறோம். அங்கே அது முற்றிலும் சரி. ஊசலுக்கு உண்மையான அலைவு நேரம் ஒன்றுதான். நம் கட்டைவிரல் சற்று முந்தியும் பிந்தியும் அழுத்துவதால் வரும் பிழைகள் இரு பக்கமும் சிதறி, கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

சர்வரின் கதை வேறு. அங்கே நேரங்கள் மாறுபடுவது கட்டைவிரலின் பிழையால் அன்று. நேரங்களே உண்மையில் வேறுவேறானவை. நூறு பேர் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 98 பேருக்கு 0.05 விநாடியில் பதில் வந்தது. இருவர் 5 விநாடி காத்திருந்தனர். மொத்தம் 14.9 விநாடி, சராசரி 0.149 விநாடி. இந்த 0.149 விநாடியை அனுபவித்தவர் அந்த நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்கு அது மூன்று மடங்கு மிகை. அந்த இருவருக்கோ முப்பதில் ஒரு பங்கு. யாருக்கும் பொருந்தாத சட்டையைத் தைத்துவிட்டுச் சராசரி அளவு என்று சொல்வதுபோல இருக்கிறது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. பிழைகள் மணி வடிவ வளைகோட்டில் இருபுறமும் சமமாகச் சரியும். காத்திருப்பு நேரங்கள் அப்படிச் சரிவதில்லை. இடப்பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. எவ்வளவு விரைவான சர்வரும் சுழிக்குக் கீழே போகமுடியாது. வலப்பக்கமோ திறந்த வெளி. ஆகவே வளைகோடு இடப்புறம் குத்தாக எழுந்து, வலப்புறம் நீண்டு மெலிந்து இழுபடும். அந்த இழுபட்ட பகுதியையே 'வால்' என்கிறார்கள். வாலைப் பற்றிப் பேசச் சராசரி உதவாது, நூற்றுமானம் வேண்டும். எல்லா நேரங்களையும் ஏறுவரிசையில் நிறுத்துங்கள். சரிபாதியில் நிற்பது 50ஆம் நூற்றுமானம், அதாவது இடைநிலை. நூற்றுக்கு 99 பேரைத் தாண்டியதும் நிற்பது 99ஆம் நூற்றுமானம். மேலே சொன்ன நூறு பேரில் இடைநிலை 0.05 விநாடி, 99ஆம் நூற்றுமானம் 5 விநாடி. இவ்விரு எண்களைச் சொன்னால் நடந்தது என்னவென்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

டீனும் பரோசோவும் செய்த பெரிய பணி, 'நூற்றில் ஒருவர்தானே, போகட்டும்' என்ற அலட்சியத்தைக் கணக்குப் போட்டு உடைத்தது. அவர்களுடைய எடுத்துக்காட்டு இது. ஒரு சர்வர் வழக்கமாக 10 மில்லி விநாடியில் பதில் தருகிறது. நூற்றில் ஒரு தடவை மட்டும் 1 விநாடி ஆகிவிடுகிறது. ஒரே சர்வரைக் கேட்டால் நூற்றில் ஒருவர் காத்திருப்பார். ஆனால் பெரிய தேடல் பணிகளில் ஒரு கேள்விக்கு ஒரு சர்வர் மட்டும் பதில் சொல்வதில்லை. தலைச் சர்வர் ஒன்று கேள்வியை நூறு சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பி, நூறு பதிலும் வந்தபின் தொகுத்துத் தருகிறது. தலைகீழாக நட்ட மரம்போல மேலே ஒரு வேர், கீழே பல இலைகள். நூறு இலைகளும் விரைவாகப் பதில் சொல்வதற்கான நிகழ்தகவு 0.99ஐ நூறு முறை தன்னால் பெருக்கினால் வருவது, அது 0.366. எனவே ஏதேனும் ஓர் இலையாவது தாமதித்து, கேட்டவர் 1 விநாடிக்கு மேல் காத்திருப்பதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு. நூற்றில் ஒரு பங்கு என்று ஒதுக்கிய வால், மேலே வந்ததும் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டது! சர்வர்களின் எண்ணிக்கை 2,000 ஆகிவிட்டால், ஒவ்வொன்றும் 10,000த்தில் ஒரு தடவை மட்டுமே தாமதித்தாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காத்திருக்க நேரும்.

கணக்கோடு நில்லாமல் கூகிளின் உண்மையான பணி ஒன்றில் அளந்த அட்டவணையையும் தந்திருக்கிறார்கள். ஏதேனும் ஓர் இலையின் 99ஆம் நூற்றுமானம் 10 மில்லி விநாடி. எல்லா இலைகளும் முடியும்வரை காத்திருந்தால் அதுவே 140 மில்லி விநாடி. கடைசி 5 விழுக்காடு இலைகளை விட்டுவிட்டு 95 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் 70 மில்லி விநாடி. அதாவது காத்திருப்பில் சரிபாதி, கடைசியாக வரும் அந்தச் சிலருக்காக. திருமணப் பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வரும்வரை முதல் இலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணை ஒன்றுக்காகவே அக்கட்டுரையை ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவை படிக்கலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

63 விழுக்காடு என்ற புகழ்பெற்ற எண்ணிலேயே சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உள்ளது. 0.99ஐ நூறு முறை பெருக்கலாம் என்பது, நூறு சர்வர்களின் தாமதங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால்தான் செல்லும். நூறு மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் நூறு நாளைக்கு ஒரு நாள் தாமதமாக வருகிறார்கள் என்போம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணம் என்றால், 63 விழுக்காடு நாட்களில் வகுப்பு முழுமையாகத் தொடங்காது. எல்லோரும் ஒரே பேருந்தில் வருகிறவர்கள், பேருந்து தாமதித்தால் எல்லோரும் தாமதம் என்றால்? நூறில் ஒரு நாள் மட்டுமே கெடும். தனித்தனி மாணவரின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இரண்டு வகுப்புகளும் அச்சாக ஒன்றே. வகுப்பு கெட்ட நாட்களின் எண்ணிக்கையோ ஒன்றுக்கு அறுபத்துமூன்று!

வேடிக்கை என்னவென்றால், கட்டுரையாசிரியர்கள் இதை நன்றாகவே அறிந்தவர்கள். பின்னால் ஒரு பத்தியில் அவர்களே ஒரு பரிகாரம் சொல்கிறார்கள்: சர்வர்கள் இடையிடையே செய்யும் பராமரிப்பு வேலைகளை ஆளுக்கொரு நேரத்தில் செய்யவிடாமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவைத்தால், அந்தச் சிறு இடைவேளையில் வந்த கோரிக்கைகள் மட்டுமே தாமதப்படும். அதாவது எல்லா மாணவரையும் ஒரே பேருந்தில் ஏற்று என்கிறார்கள்! மிக நல்ல யோசனை. ஆனால் இந்த யோசனைக்கும் முன்னே சொன்ன 63க்கும் உள்ள தொடர்பை அவர்கள் எடுத்துக்காட்டவில்லை. காட்டியிருந்தால், அந்த எண்ணை எங்கும் பொருந்தும் இயற்கை விதிபோலத் தூக்கித் திரியும் பழக்கம் இந்த அளவுக்கு வளர்ந்திராது.

மற்றொரு பரிகாரமும் புகழ்பெற்றது. ஒரு சர்வரிடம் கேட்டுவிட்டு, சற்று நேரம் பார்த்து, பதில் வராவிட்டால் அதே தரவின் படியை வைத்திருக்கும் வேறொரு சர்வரிடமும் கேட்பது. எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. கூகிளின் சோதனை ஒன்றில், 100 சர்வர்களில் பரவிக்கிடந்த 1,000 தரவுகளைப் படிக்கையில், 10 மில்லி விநாடி பொறுத்து இரண்டாம் கோரிக்கையை அனுப்பியதால், 99.9ஆம் நூற்றுமானம் 1,800 மில்லி விநாடியிலிருந்து 74 மில்லி விநாடிக்கு இறங்கியதாம். கூடுதலாக அனுப்பிய கோரிக்கைகள் 2 விழுக்காடுதான். பாராட்டாமல் இருக்கமுடியாது. ஆயினும் இது தரவைப் பல படிகளாக வைத்திருக்கும் செல்வர் வீட்டு வைத்தியம். ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையோ கல்லூரியின் விண்ணப்பங்களையோ நடத்துபவர் இரண்டாம் கதவைத் தட்ட எங்கே போவார்?

அத்தகைய இடங்களில் வாலை வளர்ப்பது பெரும்பாலும் வரிசை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏர்லாங் என்பவர் 1909இலேயே தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதித் தொடங்கிவைத்த கணிதம் இது. கோரிக்கைகள் முன்பின் ஒழுங்கின்றி வருகின்றன, ஒவ்வொன்றின் வேலை நேரமும் ஏறியிறங்கி, சராசரியாக 10 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். சர்வர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வரிசையில் நின்று வெளியேற சராசரியாக 20 மில்லி விநாடி. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையாக இருந்தால் 100. தொண்ணூற்றொன்பது பங்கு என்றால் 1,000 மில்லி விநாடி, அதாவது முழுதாக ஒரு விநாடி. தேர்வு முடிவு நாளில் நடப்பது இதுதான். அந்த நிலையில் 'பதில் வரவில்லையே, இன்னொரு தடவை கேள்' என்று சொன்னால் வரிசை இன்னும் நீளும். தாமதத்தின் காரணங்களை அடுக்கும்போது வரிசையையும் கட்டுரை குறிப்பிடுகிறது.  நம்மில் பலருக்கு அதுவே முதல் தலைவலி.

இவற்றைவிட முக்கியமான குறை கடிகாரம் இருக்கும் இடம். கட்டுரை மனிதனைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. ஒரு செயலுக்கு 100 மில்லி விநாடிக்குள் மறுமொழி கிடைத்தால் அது மனிதருக்கு இயல்பாகத் தோன்றும் என்பது அதன் முதல் வரிகளில் வருகிறது. சரி. ஆனால் அட்டவணையின் எண்கள் எங்கே அளக்கப்பட்டன? மரத்தின் வேரில், அதாவது தலைச் சர்வரில் என்று அவர்களே அடியில் குறித்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்திய மாணவியின் கையில் அன்று. பேச்சு வாசலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி. கடிகாரமோ வீட்டின் நடுக்கூடத்தில்.

இடைப்பட்ட தூரம் சிறியதா? இயற்பியல் படித்தவருக்கு இது கணக்கிடக்கூடிய கேள்வி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. போக 14.5, வர 14.5, ஆக 29 மில்லி விநாடி. கடலடி வடம் நேர்கோட்டில் கிடப்பதில்லையாதலால் உண்மையில் இன்னும் கூடும். புதிதாக ஒரு தளத்தைத் திறக்கும்போது, இணைப்பை ஏற்படுத்த ஒரு போய்வரவு. பிறர் படிக்காதபடி பூட்டுச்சாவி மாற்றிக்கொள்ள, 2018இல் வெளியான திருந்திய முறைப்படியே, இன்னொரு போய்வரவு. கோரிக்கைக்கும் பதிலுக்கும் மூன்றாவது. ஆக 87 மில்லி விநாடி வழியிலேயே போய்விட்டது. சர்வர் ஒரு நொடியும் சிந்திக்காமல் பதில் சொன்னாலும், 100 மில்லி விநாடியில் மீதி 13தான். எந்தப் பொறியாளரும் ஒளியை விரட்டி ஓட்டமுடியாது.

சரி, ஒளியின் வேகத்துக்கு யாரையும் குறைசொல்ல வேண்டாம். சர்வர் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே கடிகாரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. மருத்துவரிடம் போகிறோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம். உள்ளே போனபின் ஐந்து நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிடுகிறார். மருத்துவரின் மேசைமேல் கடிகாரத்தை வைத்தால், அவர் ஒரு நோயாளிக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து நிமிடம். உண்மைதான், பொய்யில்லை. ஆனால் நாம் வீட்டுக்குப் போய் என்ன சொல்வோம்? சர்வர்களில் பல நிரல்கள் கோரிக்கை தம் கைக்கு வந்தபின்னரே கடிகாரத்தைத் தட்டுகின்றன. அதற்குமுன் அது இயக்க முறைமையின் வரிசையில் கிடந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பரவலாகப் பயன்படும் என்ஜின்-எக்ஸ் என்ற சர்வர் நிரலில் இதைக் கொஞ்சம் பிரித்துக் காண வழியுண்டு. கோரிக்கையின் முதல் எழுத்துகளைப் படித்ததிலிருந்து பதிலின் கடைசி எழுத்தை அனுப்பி முடித்ததுவரை ஒரு நேரம். பின்னாலுள்ள நிரல் பதில் தர எடுத்துக்கொண்டது இன்னொரு நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தாலே மருத்துவரின் மேசைக்கும் வாசலுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி தெரிந்துவிடும்.

பயனரின் கையிலேயே கடிகாரத்தை வைக்கும் வழி அப்போது இல்லையா என்றால், இருந்தது. பிரௌசர் தானே ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் குறித்துச் சொல்வதற்கான பொதுவிதியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2012 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது. கட்டுரை வந்ததோ அடுத்த பிப்ரவரியில். சர்வர் கூடத்துக்குள் நடப்பதை மட்டுமே எழுதுவோம் என்று எல்லை வகுத்துக்கொள்ள ஆசிரியர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படியானால் மனிதனின் 100 மில்லி விநாடியை முதல் வரிகளில் அழைத்து வந்திருக்கக் கூடாது.

கடிகாரத்தின் இடத்தைச் சொல்லிவிட்டோம். அதை எப்போது தட்டுவது? இதில்தான் மிகப் பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. கில் டெனே என்ற பொறியாளர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு பெயரும் இட்டார். தமிழில் 'ஒத்துப்போன விடுபாடு' எனலாம். இயற்பியல் மாணவருக்கு அதைப் புரியவைக்க எளிய வழி கெய்கர் எண்ணி. ஒரு துகளைப் பதிவுசெய்தவுடன் அந்தக் குழாய் சிறிது நேரம் மயங்கிக் கிடக்கும். அந்த வேளையில் எத்தனை துகள்கள் வந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் எண்ணிக்கையைத் திருத்த ஒரு வாய்பாடு கற்றுத் தருகிறோம்.

சர்வரைச் சோதிக்கும் நிரல்கள் பலவற்றுக்கும் இதே மயக்கம் உண்டு. ஒரு கோரிக்கையை அனுப்பும். பதில் வரும்வரை சும்மா இருக்கும். வந்தபின்தான் அடுத்ததை அனுப்பும். ஒரு கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 10 கோரிக்கை வீதம் 100 விநாடிக்குச் சோதிக்கத் திட்டம். முதல் 90 விநாடி சர்வர் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி விநாடியில் பதில் தருகிறது. பிறகு முழுதாக 10 விநாடி உறைந்துவிடுகிறது. சோதிக்கும் நிரல் என்ன குறிக்கும்? 10 மில்லி விநாடி என்று 900 வரிகள். 10 விநாடி என்று ஒரே ஒரு வரி. சராசரி 21 மில்லி விநாடி. 99ஆம் நூற்றுமானம் 10 மில்லி விநாடி! இதைப் பார்த்து மகிழ்ந்துபோய்ச் சான்றிதழே கொடுத்துவிடலாம்.

உண்மையில் நடந்தது என்ன? வெளியே இருக்கும் மனிதர்கள் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருப்பதில்லை. அந்த 10 விநாடியில் 100 கோரிக்கைகள் வந்திருக்கும். முதலில் வந்தவர் 10 விநாடி காத்திருப்பார், அடுத்தவர் 9.9; அதற்கடுத்தவர் 9.8; இப்படியே இறங்கி, கடைசியாக வந்தவர் 0.1 விநாடி. ஆயிரம் பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி அரை விநாடிக்குச் சற்று மேல். 99ஆம் நூற்றுமானம் 9 விநாடி. பத்து மில்லி விநாடி என்று அறிக்கையில் வந்தது, ஆயிரம் பேரின் அனுபவத்தில் ஒன்பது விநாடி, தொள்ளாயிரம் மடங்கு. கெய்கர் எண்ணியிலாவது மயங்கும் நேரம் கருவியின் குறை. அளக்கவந்த பொருள் வேறு. இங்கே சர்வரின் மயக்கமே அளக்கவந்த பொருள். அந்த வேளை பார்த்து அளப்பவரும் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். விடுபாட்டை 'ஒத்துப்போனது' என்று டெனே சொன்னது அதனால்தான்.

தீர்வு கடினமன்று. கோரிக்கை அனுப்பப்பட்ட நேரத்திலிருந்து கணக்கிடாமல், திட்டப்படி அனுப்பப்பட்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிடவேண்டும். இந்தக் கண்ணோடு 'பேரளவில் வால்' கட்டுரைக்குத் திரும்பிப் பாருங்கள். 1,800 மில்லி விநாடி 74 ஆனது என்ற சோதனையில் கோரிக்கைகள் எந்த இடைவெளியில் அனுப்பப்பட்டன, பதிலுக்குக் காத்து நின்று அனுப்பினார்களா, காலப்பட்டியல்படி அனுப்பினார்களா என்ற விவரம் வாசகருக்குத் தரப்படவில்லை. எண்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்முறை எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்போம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிறு குறிப்புகள் சில. கால இடைவெளியை அளக்க ஊருக்கு மணி சொல்லும் கடிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதை அவ்வப்போது திருத்துவார்கள், பின்னுக்கும் தள்ளுவார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் உலக நேரத்தில் ஒரு விநாடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அப்போது 2017 ஜனவரி 1 காலை ஐந்தரை மணி. அந்தக் கணத்தில் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் நிரல் ஒன்று, போய்வரவு நேரம் கழித்தல் எண்ணாக வந்ததைக் கண்டு திகைத்து நின்றுவிட்டது. பல தளங்களின் பெயர்களைத் தேடுவதில் தடங்கல் ஏற்பட்டது. புறப்படுமுன்பே ஊர் வந்துசேர்ந்தால் நிரல் என்ன செய்யும், பாவம்! முன்னோக்கி மட்டுமே ஓடும் தனிக் கடிகாரம் ஒவ்வொரு கணிப்பொறியிலும் உண்டு. இடைவெளிகளுக்கு அதுவே உரியது.

பல சர்வர்களின் 99ஆம் நூற்றுமானங்களைக் கூட்டி வகுத்து 'மொத்த 99ஆம் நூற்றுமானம்' என்று திரையில் காட்டுவது இன்று எங்கும் காணும் வழக்கம். ஆயிரம் பேரைக் கவனித்த சர்வரில் அது 0.1 விநாடி, பத்துப் பேரைக் கவனித்த சர்வரில் 5 விநாடி என்றால், இரண்டின் சராசரியான 2.55 விநாடி எவருடைய காத்திருப்பு? சராசரியை முன்வாசலில் விரட்டிவிட்டுக் கொல்லை வழியே அழைத்துக்கொள்வது இது. நூற்றுமானம் வேண்டுமானால் மூல எண்களை, அல்லது இத்தனை மில்லி விநாடிக்குள் இத்தனை பேர் என்ற பகுப்பெண்களை, ஒன்றாகச் சேர்த்தபின்தான் காணவேண்டும். பிழைச்செய்திகளையும் தனியே பிரிக்கவேண்டும். 'இயலாது, பிறகு வருக' என்று 5 மில்லி விநாடியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், சர்வர் பழுதான நாளே மிக விரைவான நாளாகத் தெரியும். பொறுமையிழந்து பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்களோ பல பட்டியல்களில் இடம்பெறுவதே இல்லை.

இத்தனை சொன்னபின்னும், மாணவர்கள் முதலில் படிக்கவேண்டியது 'பேரளவில் வால்' கட்டுரையைத்தான் என்பேன். பரோசோ 2023 செப்டம்பரில் காலமானார்; சர்வர் கூடம் முழுவதையும் ஒரே கணிப்பொறியாகக் கருதவேண்டும் என்ற அவருடைய எழுத்துகளும் தெளிவுக்குப் பெயர்பெற்றவை. கட்டுரையின் நடை நேரானது. கணிதம் பன்னிரண்டாம் வகுப்பு நிகழ்தகவைத் தாண்டாது. படித்து முடித்தவுடன் டெனேயின் விளக்கத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். முன்னது எதை அளப்பது என்று சொல்கிறது; பின்னது எப்படி அளப்பது என்று சொல்கிறது. ஒன்றை மட்டும் படித்தவர் அரைகுறையாகத்தான் அளப்பார்.

நம்பிக்கையில்லாதவர்கள் ஒரே கணிப்பொறியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸ் இயங்கும் எந்தக் கணிப்பொறியும் போதும். ஒரு சிறு சர்வர் நிரலை ஓடவிட்டு, விநாடிக்குப் பத்துக் கோரிக்கை அனுப்பும் நிரல்கள் இரண்டை எழுதுங்கள். ஒன்று பதில் வந்தபின் அடுத்ததை அனுப்பட்டும். மற்றது பதிலைப் பாராமல் காலப்பட்டியல்படி அனுப்பட்டும். தொண்ணூறாம் விநாடியில் 'ஸ்டாப்' என்ற சைகையைச் சர்வருக்குக் கொடுத்து உறையவைத்து, பத்து விநாடி கழித்து 'கன்டினியூ' சைகையால் எழுப்புங்கள். இரண்டு பட்டியல்களிலும் ஒரு விநாடிக்கு மேற்பட்ட வரிகளை எண்ணுங்கள். முதலாவதில் ஒன்று இருக்கும்; இரண்டாவதில் ஏறத்தாழ தொண்ணூறு இருக்கும்.